பதினோரு ஆட்-ஆன்களும் என் பொறாமையும்

நான் பொறாமைப்பட்டது என் மனைவியைப் பார்த்து. கூடப் படித்தவனையோ எதிர்க்கடைக்காரனையோ பார்த்து என்றால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். தினமும் எனக்குச் சோறு போட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள் மேல் என்பதால் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். கொடைக்கானலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிக்கு இறங்குகிற ரோட்டில், ஒரு சாக்லேட் கடைக்கும் ஒரு ஸ்வெட்டர் கடைக்கும் நடுவே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஐந்து மெஷின். சொந்த ஊர் பூண்டி. வீட்டில் எல்லாருக்கும் பூண்டும் கேரட்டும் போடுகிற விவசாயம்தான். நான் ஒருவன்தான் திண்டுக்கல்லில் தங்கி கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவன். திருவிழாவுக்கு ஊருக்குப் போனால், "கம்ப்யூட்டர்காரரு வந்துட்டாருப்பா" என்பார்கள். அதைக் கேட்பதற்காகவே நான் கொஞ்சம் தாமதமாகப் போவேன்.

கடையில் என் பெருமை ஆட்-ஆன்கள். பிரவுசரோடு ஒட்டிக்கொள்கிற சின்னச் சின்ன புரோகிராம்கள் அவை. ஒன்று ஓரத்தில் கொடைக்கானல் குளிர் எத்தனை டிகிரி என்று காட்டும். ஒன்று தமிழில் டைப் அடிக்க உதவும். ஒன்று வீடியோவை இறக்கித் தரும். இப்படிப் பதினோரு ஆட்-ஆன்களைத் தேடிப் பிடித்து ஒரு சிடியில் போட்டு வைத்திருந்தேன். அதில் எனக்கு உயிரான ஒன்று, பக்கங்களை வேகமாகத் திறந்து தருகிற ஆட்-ஆன். அதை நம்பித்தான் வாசல் போர்டில் 'அதிவேக இன்டர்நெட்' என்று எழுதியிருந்தேன். மற்ற சென்டர்களில் இது கிடையாது.

அந்த வருஷம் ஜனவரியிலிருந்து ஒரு கோளாறு ஆரம்பித்தது. மெயில் எழுதிக்கொண்டிருப்பார்கள். அனுப்பு என்று அழுத்தினால், மெயில் போகாது. மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கும் பக்கம் வந்து நிற்கும். எழுதியது எல்லாம் போய்விடும். எங்கள் கடைக்குத் தினமும் ஒரு பேராசிரியர் வருவார். ரிட்டயராகி கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். வெளிநாட்டிலிருக்கும் மகளுக்கு இரண்டு விரலால் ஒரு மணி நேரம் அடித்து மெயில் எழுதுவார். அவருக்கு ஒரே வாரத்தில் மூன்று முறை இப்படி ஆனது.

"லைன் சரியில்ல சார்," என்பேன். "மழைச் சாரல் பட்டா கேபிள்ல இப்படித்தான்."

அப்புறம் மெஷினை ஃபார்மட் பண்ணுவேன். ஃபார்மட் என்றால் மொத்தத்தையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றுவது. அரை நாள் வேலை. சிடி பையை மடியில் வைத்துக்கொண்டு, யார் பேசினாலும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். அந்த அரை நாள் நான் டாக்டர் மாதிரி. ஃபார்மட் பண்ணினால் சரியாகிவிடும். இரண்டு நாளில் திரும்ப வரும். ஏன் திரும்ப வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. யோசிக்கவும் இல்லை. மறுபடியும் சிடி பையை எடுத்துவிடுவேன்.

என் மனைவி பத்தாவது வரை படித்தவள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்ததாகச் சொல்வாள். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா கீழ்மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் இவள் கடைக்கு வருவதே இல்லை. மகளுக்கு மூன்று வயதாகிப் பால்வாடியில் விட்ட பிறகுதான், நான் சாப்பிடப் போகிற நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்ள வந்தாள். பெயர் எழுதி, நேரம் குறித்து, மெஷினைக் காட்டிவிடுவது. அவ்வளவுதான் அவள் வேலை என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வந்தால், பேராசிரியர் இரண்டாவது மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். இவள் பின்னால் நின்று திரையைக் காட்டி ஏதோ சொல்கிறாள். அவர் என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

"தம்பி, மெயில் போயிருச்சு! நாலு பக்கம்! உங்க வைஃப் கண்டுபிடிச்சுட்டாங்க."

"என்னத்தைங்க சார்?"

"அந்த ஸ்பீடு ஆட்-ஆன்தாங்க," என்றாள் அவள். முகத்தில் ஒரு சிரிப்பு. "அதை ஆஃப் பண்ணுனா ஒன்னும் ஆக மாட்டேங்குது. ஆன் பண்ணுனா வெளிய தள்ளிருது."

"லைன் இப்ப நல்லா இருக்கும். அதான் போயிருக்கு," என்றேன்.

"இல்லைங்க. நாலு நாளாப் பாத்தேன். மொதல்ல பதினொன்னையும் ஆஃப் பண்ணுனேன். கோளாறு இல்லை. அப்புறம் ஒவ்வொன்னா ஆன் பண்ணி, ஒவ்வொரு தடவையும் எனக்கே ஒரு மெயில் அனுப்பிப் பாத்தேன். ஏழாவது வரைக்கும் போச்சு. எட்டாவதா இதை ஆன் பண்ணுனேன், தள்ளிருச்சு. திரும்ப ஆஃப் பண்ணுனேன், போயிருச்சு. மத்த மெஷின்லயும் அதேதான்."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பாப்பாவுக்கு உடம்பெல்லாம் தடிச்சப்ப என்னா செஞ்சோம்? முட்டை, பாலு, கடலைன்னு எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒவ்வொன்னாக் கொடுத்துப் பாக்கலையா? அது மாதிரிதான்."

பேராசிரியர் கைதட்டினார். அந்த ஓசை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

பிறகு தெரிந்துகொண்டேன். அந்த ஆட்-ஆன், ஒரு பக்கத்திலிருக்கும் எல்லா இணைப்புகளையும் நாம் தொடும் முன்பே தானாகப் போய்த் திறந்து வைத்துக்கொள்ளும். வேகம் வருவது அதனால்தான். மெயில் பக்கத்தில் 'வெளியேறு' என்றும் ஒரு இணைப்பு இருக்கிறதே, அதையும் அது தொட்டுவிடும். ஆக, பேராசிரியரின் மெயிலைத் தின்றது மழையும் இல்லை, கேபிளும் இல்லை. நான் ஒவ்வொரு முறையும் மெஷினைத் துடைத்து, ஓரிரு நாளில் ஆட்-ஆன்களைப் போடும்போது என் கையாலேயே அந்தக் கோளாறைச் சிடியிலிருந்து திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அவளைப் பாராட்டியிருக்க வேண்டும். "நல்லது" என்று ஒரு வார்த்தை சொன்னதாக ஞாபகம். சாயங்காலம் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று சண்டை போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அதிலிருந்து ஆட்கள் அவளைத் தேட ஆரம்பித்தார்கள். சீசன் தொடங்கியிருந்த நேரம். லாட்ஜ்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் பிரவுசர் தலையில் வந்து ஒட்டிக்கொள்கிற டூல்பார் பட்டைகள் பாதித் திரையை அடைத்துக்கொண்டன என்று வருவார்கள். கதவைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்து, நான் கல்லாவில் இருப்பதைக் கண்டுவிட்டு, "அக்கா இல்லையாண்ணே?" என்பார்கள்.

"என்ன வேணும்? நான் பாக்குறேன்."

"இல்லண்ணே, அக்கா வரட்டும். சோலி ஒன்னும் அவசரமில்ல."

நான் டிப்ளமோ வாங்கியவன். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதன் கீழே நின்றுகொண்டு என்னிடம் "அக்கா வரட்டும்" என்கிறார்கள். வடகவுஞ்சியிலிருந்து ஒரு விவசாயி, பேரன் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றி ஜீப்பில் தூக்கிக்கொண்டு வந்து, அவள் வருகிற வரைக்கும் அதைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவள் வேலை செய்யும்போது ஓரக்கண்ணால் பார்ப்பேன். தப்புப் பண்ண மாட்டாளா என்று காத்திருப்பேன். அவள் தப்பும் பண்ணினாள். ஆனால் பண்ணினால், "ஐயோ, இது இல்லைங்க, வேற ஒன்னு," என்று சிரித்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பாள். எனக்கு அப்படித் தப்புப் பண்ணத் தெரியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஏப்ரல் கடைசியில் ஊருக்கு மேலே இருக்கிற ஒரு கான்வென்ட் பள்ளியிலிருந்து தலைமை ஆசிரியை சிஸ்டர் கடைக்கு வந்தார். பேராசிரியர் சொல்லி வந்திருக்கிறார்.

"எங்க லேப்ல ஏழு சிஸ்டம் இருக்கும்மா. பிள்ளைங்க கண்டதையும் இன்ஸ்டால் பண்ணி வச்சிருக்காங்க. பிரவுசர் ஓபன் பண்ணாலே க்ளோஸ் ஆயிருது. சனிக்கிழமை வந்து பார்க்க முடியுமா? ஜூன்லேருந்து லேப் பார்த்துக்க ஒரு ஆளும் எடுக்கணும். நீங்க பண்றதைப் பார்த்துட்டு மேனேஜ்மென்ட்ல பேசறேன்."

எல்லாம் அவளைப் பார்த்துத்தான் சொன்னார். என் பக்கம் திரும்பி, "நீங்களும் வாங்க சார், துணைக்கு," என்றார்.

துணைக்கு.

சனிக்கிழமை வெள்ளனே கிளம்பினோம். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஏற்றத்தில் நடந்தே போனோம். அவள் வேகமாக நடந்தாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால். லேப்பில் விடுதிப் பிள்ளைகள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அவள் ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து, ஆட்-ஆன் பட்டியலைத் திறந்து, எல்லாவற்றையும் நிறுத்தி, ஒவ்வொன்றாக ஆன் பண்ணி, ஒரு பேப்பரில் குறித்துக்கொண்டே போனாள். பிள்ளைகள் கேட்கக் கேட்கப் பதில் சொன்னாள். பதினொரு மணிக்குள் ஏழும் சரி. கடைசி மெஷின்தான் அவளுக்கு ஒரு மணி நேரம் எடுத்தது. தேர்வுத் துறைப் பக்கத்தைத் திறந்தால் பிரவுசர் அப்படியே மூடிக்கொள்ளும். ஏதோ ஒரு விளையாட்டு டூல்பார்தான் காரணம் என்று கண்டுபிடித்து நிறுத்தினாள்.

"சிஸ்டர் வந்ததும் இதைத்தான் மொதல்ல காட்டணும்," என்றாள் என்னிடம். கண் மின்னியது.

டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளோடு அவள் போனாள். "நீங்க வரலையா?" என்றாள். "வர்றேன், போ," என்றேன்.

லேப்பில் நான் மட்டும். நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. கடைசி மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். பட்டியலைத் திறந்து, அந்த டூல்பாரை ஆன் பண்ணினேன். பிரவுசரை மூடித் திறந்தேன். அப்போதுதான் அது வேலை செய்யும். பிறகு எழுந்து போய் டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது.

சிஸ்டர் வந்தார். கூட இன்னொரு சிஸ்டரும், அலுவலகத்திலிருந்து ஒருவரும். இவள் கடைசி மெஷினில் உட்கார்ந்து, "இதுதான் சிஸ்டர் ரொம்பப் படுத்துனது, இப்பப் பாருங்க," என்று அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பிரவுசர் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள். மறுபடி மூடிக்கொண்டது. ஒரு பிள்ளை வாயைப் பொத்திச் சிரித்தது. அலுவலகத்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் காது சிவந்தது. நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். பார்த்ததும் சந்தோஷம் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், சந்தோஷம்தான் முதலில் வந்தது. வெட்கம் வந்தது அதற்கப்புறம்தான்.

அவள் பட்டியலைத் திறந்தாள். கையிலிருந்த பேப்பரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். மெதுவாக சிஸ்டர் பக்கம் திரும்பி, "நான் ஒன்னை விட்டுட்டேன் சிஸ்டர், மன்னிச்சுக்கங்க," என்று சொல்லி அதை நிறுத்தினாள். பக்கம் திறந்தது. ஆனால் அதற்குள் சிஸ்டரோடு வந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

இறக்கத்தில் வரும்போது மூடுபனி ரோட்டை மறைத்திருந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்தவள் நின்றாள்.

"எதுக்குச் செஞ்சீங்க?"

"என்னத்தை?"

"என் பேப்பர்ல ஆஃப்னு எழுதி இரிக்கு. நான் டீ குடிக்கப் போனேன். உள்ளுக்கு இருந்தது நீங்க." கோபம் வந்தால் அவளுக்கு அம்மா வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

"நீ மறந்திருப்ப. என்னைய ஏன் சொல்ற?"

"சரி," என்றாள். "நான் மறந்தேன்னே வச்சுக்குவோம்."

விடுவிடுவென்று முன்னால் இறங்கிப் போனாள். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. சோறு போட்டாள், மகளைக் குளிப்பாட்டினாள், கடைக்கு மட்டும் வரவில்லை. "அக்கா இல்லையாண்ணே" என்று வருகிறவர்களிடம், "உடம்பு சரியில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்கு போன் வந்தது. சிஸ்டர்.

"உங்க வைஃப்கிட்ட கொஞ்சம் பக்குவமா சொல்லிடுங்க சார். எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா அன்னைக்கு அப்படி ஆயிருச்சுல்ல, மேனேஜ்மென்ட்ல யோசிக்கிறாங்க. திண்டுக்கல்லேருந்து டிப்ளமோ படிச்சவர் ஒருத்தர் அப்ளை பண்ணியிருக்கார்."

"பரவாயில்ல சிஸ்டர், சொல்லிடுறேன்," என்றேன். போனை வைத்தபோது நெஞ்சில் ஒரு நிம்மதி. டிப்ளமோவுக்கு மதிப்பு இருக்கத்தானே செய்கிறது என்று கூட நினைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மாமியார் வந்திருந்தார். கீழ்மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். வேலை கிடைக்கப்போகிறது என்று இவள் எப்போதோ போனில் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு கருப்பு கைப்பை வாங்கி வந்து மகளிடம் கொடுத்தார்.

"இஸ்கூலுக்குப் போறப்ப இதைக் கொண்டு போ. எங்க கூட்டத்துல கூடையில்லாம வேலைக்குப் போற மொதப் பொம்பளை நீதான்," என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "நீங்க நல்லா இருக்கணும் தம்பி. எல்லாம் நீங்க குடுத்த தைரியம்," என்றார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். பையின் ஜிப்பைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் வந்ததை நான் சொல்லவில்லை. தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் நேராகக் கான்வென்ட்டுக்கு ஏறினேன். சிஸ்டர் அறையில் நாற்காலி காட்டினார். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். டூல்பாரை ஆன் பண்ணியது நான்தான் என்று. ஏன் என்று கேட்டார்.

"எல்லாரும் அவளையே கேக்குறாங்க சிஸ்டர்."

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "நீங்க வந்தது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போய்ச் சொல்லுங்க. நான் மேனேஜ்மென்ட்ல பேசிக்கறேன்."

இறங்கி வரும்போது நான் பெரிய காரியம் செய்துவிட்டவன் மாதிரி வந்தேன். வீட்டில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போன் வந்ததிலிருந்து கான்வென்ட்டுக்குப் போனது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், இல்லையென்றால் மன்னிப்பாள். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆக, வேலையும் நீங்க போயி வாங்கிக் குடுத்ததா ஆயிப்போச்சா?"

"அப்படி இல்ல..."

"அப்படித்தான். கெடுத்ததும் நீங்க, குடுத்ததும் நீங்க. நடுவுல நான் எங்கங்க இரிக்கேன்?"

அவள் முகம் கழுவி, சேலை மாற்றி, தனியாகக் கிளம்பினாள். நான் வாசல் வரை போனேன். "நீங்க வர வேணாம்," என்றாள்.

சிஸ்டரிடம் அவள் கேட்டது வேலையை அல்ல. ஒரு டெஸ்ட் வைக்கச் சொல்லியிருக்கிறாள். திண்டுக்கல் ஆளையும் வரச் சொல்லுங்கள், ஆளுக்கு இரண்டு மெஷினைக் கெடுத்துக் கொடுங்கள், எல்லாரும் பார்க்கச் சரி பண்ணுகிறோம், யார் சரியோ அவரை எடுங்கள் என்று. அடுத்த வியாழக்கிழமை அப்படியே நடந்தது. நான் போகவில்லை. கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மெஷினும் ஓடவில்லை, எங்கள் ரோட்டில் மட்டும் கரண்ட் இல்லை. அவள் தோற்றுவிட வேண்டும் என்று ஒரு நிமிஷம் நினைப்பேன். அடுத்த நிமிஷம் அந்தத் திண்டுக்கல் ஆளை மனசுக்குள் திட்டுவேன். இப்படியே மதியம் வரை.

பேராசிரியர்தான் முதலில் வந்து சொன்னார். அவரையும் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்களாம். "அந்தப் பையன் ஃபார்மட் பண்ண ஆரம்பிச்சுட்டான் தம்பி. அவன் மெஷினைத் துடைச்சு முடிக்கிறதுக்குள்ள உங்க வைஃப் ரெண்டையும் முடிச்சுட்டாங்க."

நான் சிரித்தேன். என்ன சிரிப்பு என்று அவருக்குப் புரிந்திருக்காது.

ஜூன் மாதத்திலிருந்து அவள் லேப் டீச்சர். காலையில் அவளும் மகளும் ஒன்றாகக் கிளம்புவார்கள். முதல் இரண்டு மாதம் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள். ஆவணியில் ஒரு நாள் கடையில் ஒரு மெஷினில் படங்களே வரவில்லை. நானே எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஒவ்வொன்றாக ஆன் பண்ணினேன். ஒன்றும் அகப்படவில்லை. மானத்தை விட்டு அவள் பள்ளி லேப்புக்கு போன் போட்டேன்.

"கிளாஸ்ல இருக்கேன், வெரசாச் சொல்லுங்க," என்றாள்.

சொன்னேன்.

"ஒவ்வொன்னாப் பாத்தீங்களா? ரெண்டு ஒன்னாச் சேந்தாத்தான் சண்டை போடுதோ என்னமோ. ரெண்டு ரெண்டா ஆன் பண்ணிப் பாருங்க." பின்னால் பிள்ளைகள் 'மிஸ், மிஸ்' என்று கூப்பிடுவது கேட்டது. அவள் வைக்கவில்லை. "கெடைச்சதும் எதுன்னு எனக்குச் சொல்லுங்க. நானும் தெரிஞ்சுக்கிறேன்."

அவள் சொன்னது சரிதான். விளம்பரத்தைத் தடுக்கும் ஆட்-ஆனும் வீடியோ இறக்கும் ஆட்-ஆனும் சேர்ந்தால்தான் அந்தத் தகராறு. சாயங்காலம் அவளிடம் சொன்னபோது, அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முழுசாகக் கேட்டாள். "நீங்களே கண்டுபிடிச்சீங்களா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. "நீ சொன்னபடி பண்ணேன்," என்றேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். அவளைக் கடைத்தெருவில் யாராவது "வணக்கம் டீச்சர்" என்றால் எனக்குள் ஏதோ ஒன்று இன்றும் முள்ளாகக் குத்தும். குத்தியதும் அவள் முகத்தைப் பார்ப்பேன். அவளுக்கும் தெரியும். "என்னா?" என்பாள். "ஒன்னுமில்ல," என்பேன். இரண்டு பேரும் நடையைத் தொடர்வோம்.